வலவனும் பம்பரமும்



தேர் செலுத்துவோனை நம் முன்னோர் வலவன் என்றனர். வானூர்தி செலுத்துவோனையும் அப்பெயராலேயே சுட்டுகின்றேன். அவ்வலவன் கையை எடுத்துவிட்டால் ஊர்தி என்னாகும்?

1914 சூன் 18ஆம் நாள், பாரிசு நகரையடுத்த பெசோனில், சேன் ஆற்றின்மேல் அமெரிக்க இளைஞர் இலாரன்சு இசுபெரி இதற்கு விடை காட்டினார். இரு கைகளையும் உயர்த்தியவாறே மக்கள் முன் பறந்து சென்றார். மறுமுறை அவருடைய பொறிவினைஞர் இறக்கைமேல் ஏறி நின்றார். ஒருபுறம் எடை கூடியும் ஊர்தி கவிழவில்லை. அதனை நிமிர்த்தி வைத்தது ஒரு சுழலி!

நம் தெருப்பிள்ளைகள் அறிந்த உண்மைதான் அது. விரைந்து சுழலும் பம்பரம் தான் நிற்கும் நிலையை எளிதில் விடாது. ஊர்தி சாய்ந்தாலும் சுழலியின் அச்சுச் சாயாது. இரண்டுக்கும் இடையே தோன்றும் கோணமே சாய்வின் அளவு. அதற்கேற்ப இறக்கை மடலையும் வால் மடலையும் பொறி திருப்ப, ஊர்தி நிமிர்கின்றது. இன்று ஒளிக்கதிர் உணரியும் கணிப்பொறியும் வந்துவிட்டன, நெறி அதுவே. உணர்தல், ஒப்பிடல், திருத்தல்.

உணர்வதே பிழையானால்? போயிங்கு 737 மேக்சு ஊர்தியில் பெரிய பொறிகளை முன்தள்ளிப் பொருத்தினர். அதனால் மூக்கு மிக நிமிர்ந்த நிலையில் மேலும் நிமிர முற்படும். அதனைத் தாழ்த்தத் தானியங்கி அமைப்பொன்றை வைத்தனர். காற்றுக்கோணம் அளக்கும் உணரிகள் இரண்டிருந்தும், அவ்வமைப்பு ஒருபொழுதில் ஒன்றையே நம்பிற்று. அவ்வுணரி பொய்யளவு காட்டவே, மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தாழ்த்திற்று. 2018 அக்தோபர் 29இல் இந்தோனேசியாவில் 189 பேர் மாண்டனர். 2019 மார்ச்சு 10இல் எத்தியோப்பியாவில் 157 பேர் மாண்டனர். முதல் நேர்ச்சிக்கு முன், அப்படியோர் அமைப்பு உண்டென்பதே வலவர் கையேட்டில் விளக்கப்படவில்லை!

பின்னர்த் திருத்தினர். இரு உணரிகளும் முரண்பட்டால் அமைப்பு இப்பொழுது செயற்படாது. வலவன் இழுத்து மீளமுடியாத அளவுக்கு அது மூக்கைத் தாழ்த்துவதுமில்லை. அதன் பின்னரே 2020 நவம்பரில் அமெரிக்க அரசு மீண்டும் இசைவளித்தது.

பெருமக்களே! பொறியைப் பழிப்பதிற் பயனில்லை. நெடும்பயணத்தில் வலவனின் சுமையைத் தாங்குவது அதுவே. ஆயினும், ஒற்றைச் சான்றை நம்பித் தீர்ப்பளிப்பவன் நடுவன் ஆகான். பொறிக்கும் அதே அறந்தான். இசுபெரி தம் பொறியை முற்றும் அறிந்தவர். அதனாலேயே கையை எடுக்கத் துணிந்தார். அறியாதவன் கையில் பொறியை ஒப்படைத்து, பிழையை அவன் தலையில் ஏற்றுவது அறமாகாது.