கோய்டர் கோடும் பாலைத் திணையும்
(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குச் சென்று வந்தமை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பயண உரை என்றால் புறப்பட்ட நேரம், தங்கிய விடுதி, உண்ட உணவு என அடுக்கிச் செல்வது வழக்கம். அவற்றை விட்டுவிடுகிறேன். அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டர் சென்றால் மலைத்தொடரின் நடுப்பகுதியை அடையலாம். சூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலமே செல்வதற்கு உகந்தது. குடிநீரும் எரிபொருளும் தேவைக்கு மேலாகவே கையில் இருக்க வேண்டும். பயணக் குறிப்பாக இவ்வளவு போதும். நான் பேச விரும்புவது, அங்கே கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கும் ஓர் எல்லைக் கோட்டினைப் பற்றி.

சென்ற திங்கள் இதே அவையில் நண்பர் ஒருவர், ஐந்திணை என்பது புலவர்கள் வகுத்துக்கொண்ட கவிதை மரபே அன்றி நிலத்தைப் பற்றிய அறிவு அன்று என வாதிட்டார். அவருக்கு என் மறுமொழி இந்தக் கோடுதான்.

சார்ச் கோய்டர் என்பவர் அக்குடியேற்ற நாட்டின் தலைமை நில அளவையாளர். 1863 முதல் 1865 வரை அங்குக் கொடிய வறட்சி நிலவியது. மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தோர் ஆடுகளை ஆயிரக்கணக்கில் இழந்தனர். நம்பத்தக்க மழை எதுவரை பெய்கிறது என்று கண்டுவரும்படி அரசு அவரைப் பணித்தது. 1865-இல் அவர் குதிரையேறிப் புறப்பட்டார். நீண்ட காலத்து மழைக் கணக்குகள் எவையும் அவர் கையில் இல்லை. அவர் நோக்கியவை செடிகொடிகள். மாலீ எனப்படும் குட்டையான தைலமரக் காடு எங்கே முடிகிறது, சால்ட்புஷ் எனப்படும் சாம்பல் நிற உவர்ப்புதர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைபடத்தில் கோடு இழுத்தார். கோட்டிற்குத் தெற்கே உழவு செய்யலாம். வடக்கே கூடாது, மேய்ச்சல் மட்டுமே. பின்னாளில் மழையை அளந்து பார்த்தபோது, ஆண்டுக்கு 250 முதல் 300 மில்லிமீட்டர் வரை மழை பெறும் எல்லையோடு அக்கோடு பெரிதும் ஒத்திருந்தது. வறண்ட மாவட்டம் என்று நாம் சொல்லும் இராமநாதபுரம் இதைப்போல் இருமடங்கிற்கும் மேல் மழை பெறுகிறது என்றால் அந்நிலத்தின் வறுமை விளங்கும்.

முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளாகிய மரத்தாலும் பூவாலும் அறிவது தொல்காப்பியம் காட்டும் நெறி. கோய்டர் தமிழ் கற்றவர் அல்லர். அப்படி நிறுவ முயலும் ஆராய்ச்சியாளர் நம்மிடையே இருந்தால் அவரை இப்போதே தடுத்துவிடுகிறேன். நான் சொல்வது, செடியைக் கொண்டு நிலத்தைப் படிக்கும் முறை கற்பனையன்று என்பதே.

இதே கோய்டர் 1857-இல் வடக்கே பிளாஞ்ச் ஏரிப் பக்கம் சென்றவர். அப்போது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரியில் நன்னீர் நிறைந்திருக்கக் கண்டு, வளமான நாடு என்று அறிக்கை எழுதினார். அதே ஆண்டில் அவருடைய மேலதிகாரி ஃபிரீலிங் படகும் கையுமாகச் சென்றபோது ஏரி ஆழமற்ற சேறாகக் கிடந்தது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலையாவதை இளங்கோவடிகள் பாடினார். தொல்காப்பியரும் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. ஒரே நிலம் ஓராண்டு முல்லையாகவும் மறு ஆண்டு பாலையாகவும் தோன்றும் என்பதைக் கோய்டர் அந்த ஏரிக்கரையில் கற்றார் என்று கருதுகிறேன். எட்டாண்டுகள் கழித்து அவர் நீரை நம்பாமல் புதரை நம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கோட்டினை அரசு 1872-இல் சட்டத்தில் ஏற்றது. ஆனால் அடுத்தடுத்து நல்ல மழை பெய்தது. நிலம் வேண்டி நின்ற குடியானவர்கள் கோய்டரை எள்ளி நகையாடினர். ஏர் செல்லும் இடமெல்லாம் மழை பின்தொடரும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. 1874-இல் அரசு தடையை நீக்கியது. மலையிடை வெளிகளில் ஊர்கள் எழுந்தன, கோதுமை விளைந்தது. 1880-களின் தொடக்கத்திலேயே வறட்சி திரும்பி வந்தது.

இன்று அப்பகுதிக்குச் செல்வோர் பார்க்கும் மரபுச் சின்னங்களில் பெரும்பாலானவை இந்த வரலாற்றின் எச்சங்களே. சாலையின் இருமருங்கிலும் கூரையற்ற கல் வீடுகள்; புகைபோக்கி மட்டும் நிற்கும் அடுக்களைகள். 1878-இல் அமைந்த ஓர் ஊருக்கு ஃபரினா என்று பெயரிட்டார்கள். இலத்தீன் மொழியில் அதற்கு மாவு என்று பொருள். கோதுமை மாவு மலைமலையாகக் குவியும் என்ற கனவு! 1882-இல் தொடர்வண்டியும் வந்தது. மாவு வரவில்லை. தன்னார்வலர்கள் அவ்விடிபாடுகளைப் பேணி, நிலத்தடியில் உள்ள பழைய அடுமனையில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சில வாரங்கள் ரொட்டி சுடுகிறார்கள். மாவு வெளியூரிலிருந்து வருகிறது.

கன்யாகா என்ற மேய்ச்சல் பண்ணையின் இடிபாடும் காணத்தக்கது. அதனை நிறுவிய இளைஞர் ஹியூ புரோபி இறந்தது தாகத்தால் அன்று. 1852-இல் இடிமழை இரவில் மிரண்டோடிய மாடுகளைத் திருப்பச் சென்று காட்டாற்றில் மூழ்கினார். வறண்ட நாட்டில் வெள்ளத்தால் சாவு என்பது நமக்கு வியப்பாகலாம். ஆறு அங்கே ஆண்டு முழுதும் மணலாய்க் கிடந்து, ஓரிரவில் ஆறாகிறது. வில்பினா பவுண்டு என்னும் மலைவளையத்தின் உள்ளே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹில் என்ற குடும்பத்தார் கோதுமை பயிரிட்டனர். அவர்களை வெளியேற்றியதும் வெள்ளமே. 1914-இல் அவர்கள் அரும்பாடுபட்டு அமைத்த பாதையை அது அடித்துச் சென்றது. அவர்கள் வாழ்ந்த சிறு வீடு இன்றும் நிற்கிறது.

அம்மலைவளையம் 17 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் உடையது. மாலை வெயிலில் அதன் செம்பாறைச் சுவர் நிறம் மாறும் அழகை நான் விவரிக்கப் போவதில்லை. ஒளிப்படங்கள் பல உள்ளன. அந்நிலத்திற்குரிய அட்னியமதன்ஹா மக்கள் அதனை இக்காரா என்பர். கூடுமிடம் என்பது பொருள். அகுர்ரா என்னும் இரு பெரும் பாம்புகளின் உடல்களே சுவர்களாயின என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆர்க்காரு பாறையில் கரியாலும் காவியாலும் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. வளையத்தின் மிக உயர்ந்த சிகரத்தின் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அவர்கள் வருவோரை வேண்டிக்கொள்கின்றனர். பலர் ஏறுகின்றனர், நாங்கள் கீழேயே நின்றுவிட்டோம். அவர்களுடைய நிலவுரிமையை நீதிமன்றம் 2009-இல் ஏற்றது. 2016-இல் தேசியப் பூங்காவின் பெயரிலும் இக்காரா சேர்ந்தது. எத்தனையோ தலைமுறைகளாக அம்மண்ணின் பொழுதறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். உழவுக்கு நிலம் பங்கிட்டவர்கள் அவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் கோடே தேவைப்பட்டிருக்காது.

அத்தொடரின் பழமையையும் ஒரு சொல்லில் குறிக்க வேண்டும். 1946-இல் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் மேற்கே எடியாக்காரா குன்றுகளில் மெல்லுடல் உயிர்களின் பதிவுகளைக் கண்டெடுத்தார். அவை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுப் பழமையுடையவை. 2004-இல் புவி வரலாற்றின் ஒரு காலப்பகுதிக்கே அக்குன்றின் பெயர் சூட்டப்பட்டது.

இந்நாட்டில் குடியேறியவர்கள் என்ற முறையில் கோய்டரின் கோடு நமக்கும் உரியது. புவி வெப்பமடைவதால் அது தெற்கு நோக்கி நகரக்கூடும் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். நேற்று மருதமாக இருந்த வயல்களை நாளை அவர்கள் எத்திணையில் வைப்பார்களோ!

செல்ல எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். ஒரோரூ என்ற சிற்றூரை நெருங்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்துச் சாலையோரத்தைப் பாருங்கள். கோதுமை வயல் மெலியும், தைலமரங்கள் அகலும், சாம்பல் நிறப் புதர்கள் தலைகாட்டும். அந்நாட்டில் கோட்டினைக் குறிக்கும் நினைவுக் கற்களும் சில உண்டு. கல்லைத் தேடுவதை விடப் புதரைத் தேடுங்கள்.

 திணை பற்றி வாதிட்ட நண்பர் மறுப்புரைக்க எழுவதைக் காண்கிறேன். அவருக்கு வழிவிட்டு அமர்கிறேன்.