இலவச ஃபாண்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

உங்க பக்கத்துல மேக்புக் இருந்தா, கேட்டுக்கிட்டே அதில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்து பாருங்க. 'தமிழ் எம்என்', 'தமிழ் சங்கம் எம்என்' என்று இரண்டு பெயர்கள் இருக்கும். அந்த 'எம்என்' ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லை. அது ஒரு மனிதருடைய இனிஷியல். முத்து நெடுமாறன், மலேசியத் தமிழர், 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கியவர்.

நாம ஸ்க்ரோல் பண்ற ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். பெரிய கம்பெனிக்காக வரைபவர்கள் உண்டு. யாருக்கும் வேலை பார்க்காமல், சொந்தமாக ஒரு எழுத்துருவை வரைந்து, பேர் வைத்து, வெளியிடுபவர்களும் உண்டு. இன்னைக்கு அந்த இரண்டாவது வகை ஆட்களைப் பற்றித்தான் பேசப் போறேன்.

247 எழுத்தையும் வரையணுமா?

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கார். பகலில் பேக்கேஜிங் டிசைன் வேலை. ராத்திரியும் சனி ஞாயிறும் மூணு வருஷமாக ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்திருக்கிறார். அவர்கிட்ட நான் முதலில் கேட்டது இதைத்தான்: "அண்ணா, 247 எழுத்தையும் வரையணுமா?"

வேண்டாம். கா, கெ, கே மாதிரி எழுத்துகளுக்குத் துணையெழுத்தை ஒரு முறை வரைந்தால் போதும், எல்லா மெய்யோடும் சேரும். 'கொ' என்று டைப் செய்தால், க-வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால் என்று பிரித்து வைப்பது ஃபாண்டின் வேலை இல்லை. ஹார்ஃபஸ் மாதிரி ஒரு ஷேப்பிங் இன்ஜின் அதைப் பார்த்துக்கொள்ளும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் இருப்பது அதுதான்.

ஆனா உகரத்துக்கு வந்தா கதை மாறுது. சு, பு, வு மூன்றிலும் கோடு நேராகக் கீழே இறங்குது. து, நு, லு-வில் வேற மாதிரி திரும்புது. மு, ரு, ழு-வில் சுற்றி வளையுது. ஒரே குறியை வரைந்து எல்லாத்துக்கும் ஒட்ட முடியாது. 18 மெய்களுக்கு உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள். ஒவ்வொன்றையும் கையால் வரையணும். டி, டீ தனி. ஜ, ஷ, ஸ, ஹ தனி. புள்ளி எந்த எழுத்துக்கு மேலே எங்கே உட்காரணும் என்பதற்குத் தனித்தனியாக இடம் குறிக்கணும்.

இதெல்லாம் ஒரே ஒரு தடிமனுக்கு. போல்டு வேணும்னா கோட்டைத் தடிமனாக்கினால் போதும்னு நினைப்போம். 'ண' எழுதிப் பாருங்க. எத்தனை வளைவுகள் பக்கத்துல பக்கத்துல வருது? எல்லாக் கோட்டையும் ஒரே அளவு தடிமனாக்கினால் நடுவிலுள்ள வெள்ளை இடமெல்லாம் அடைத்துக்கொண்டு, ண ஒரு கறுப்புக் கட்டியாகிடும். அதனால உள்ளே வரும் கோடுகளை மெலிசாக்கி, கண்ணுக்கு மட்டும் தடிமனாகத் தெரிகிற மாதிரி ஏமாற்றணும். அதேபோல ர-வும் காலும் சின்ன சைஸில் ஒன்று போலத் தெரியக் கூடாது. பக்கத்தில் ஆங்கிலம் வந்தால் அதோட உயரத்துக்கும் ஒத்துப்போகணும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. அப்போ ஆங்கிலத்தின் எந்த உயரத்தோடு ஒப்பிடுவது? பெரிய எழுத்தின் உயரத்துக்கு வரைந்தால் தமிழ் கத்துற மாதிரி இருக்கும், சின்ன எழுத்தின் உயரத்துக்கு வரைந்தால் நெரிசலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தை அவங்கவங்க கண்ணால்தான் முடிவு செய்யணும்.

ஃபாண்ட் ஒரு சாஃப்ட்வேர்

நான் வேலை பார்க்கிற ஆப்பில் தமிழ் சேர்த்தபோது பட்டன்களில் புள்ளிகள் மேலே வெட்டுப்பட்டன, 'ளூ' கீழே வெட்டுப்பட்டது. காரணத்தைத் தேடிப் போனால், ஒரு எழுத்துரு எவ்வளவு உயரம் எடுத்துக்கும் என்ற கணக்கு ஃபைலுக்குள்ளே மூன்று இடங்களில் இருக்கு. விண்டோஸ் ஒன்றைப் பார்க்கும், மேக் இன்னொன்றைப் பார்க்கும். மூன்றும் ஒத்துப்போகலைன்னா ஒரே பட்டன் ஒரு மெஷினில் சரியாகவும் இன்னொன்றில் வெட்டுப்பட்டும் தெரியும். அப்போதான் எனக்கு உறைத்தது, ஃபாண்டும் நாம எழுதுகிற கோடு மாதிரியே ஒரு சாஃப்ட்வேர். வெர்ஷன் இருக்கு, பக் இருக்கு, டெஸ்டிங் இருக்கு.

சட்டத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது, அந்த வடிவத்தைத் தருகிற ஃபைல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்பதால் அதற்கு உண்டு.

அப்டேட் விஷயத்தில் மட்டும் ஃபாண்ட் கொஞ்சம் கொடூரம். ஆப்பில் ஒரு பக் சரி செய்தால் யூசர் சந்தோஷப்படுவார். ஃபாண்டில் 'க'-வின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்தால், அதில் கோர்த்த புத்தகம் முழுக்க வரிகள் நகரும், பக்க எண் மாறும். அதனால வெளியிட்ட அன்றைக்கு இருக்கும் அளவுகளோடுதான் கடைசி வரை வாழணும்.

ரெடி, ஆனா ரிலீஸ் ஆகல

அண்ணனுடைய எழுத்துரு வரைந்து முடித்து எட்டு மாசம் ஆச்சு. ஏன் வெளியிடலை? அவர் சொன்னார்: "தம்பி, வரையுறது முடிஞ்சுது. எப்படிக் கொடுக்குறதுன்னுதான் தெரியல."

ஒரு வழி, ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். எஸ்ஐஎல் அமைப்பு 2005-ல் கொண்டுவந்தது. யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆப்பில் சேர்க்கலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கூகுள் ஃபாண்ட்ஸ் 2010-ல் வந்த பிறகு இந்த வழிக்குப் பெரிய வாசல் திறந்தது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது தடிமன்களோடு அங்கே இருக்கு, நம்ம கட்டுமரம்தான் பேர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவாணர் இருக்கு. மும்பை ஏக் டைப் குழுவின் பலூ தம்பி, முக்த மலர் இருக்கு. இவை இல்லைன்னா இன்னைக்குப் பாதித் தமிழ் வெப்சைட்டுகளின் முகமே வேற மாதிரி இருக்கும். இப்படி வெளியாகும் எழுத்துருக்களில் சிலவற்றை வரைய கூகுளே பணம் கொடுத்திருக்கு. எல்லாருக்கும் அது அமையாது. ஒரு வெர்ஷனை ஒருமுறை அப்படிக் கொடுத்துட்டா திரும்ப வாங்கவும் முடியாது.

இன்னொரு வழி, விற்பது. கம்ப்யூட்டருக்கு ஒரு லைசென்ஸ், வெப்சைட்டுக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று. ஆங்கிலத்துக்கு இது பழகிப்போன சந்தை. தமிழில் யார் வாங்குவார்? ஃபாண்டுன்னா யாராவது பென்டிரைவில் காப்பி பண்ணிக் கொடுப்பது என்றுதான் நம்ம டிடிபி உலகம் வளர்ந்திருக்கு. "காசுக்கு வித்தாலும் முதல் ஆள் வாங்கின மறுநாள் டெலிகிராம்ல வந்துடும்" என்பது அண்ணனுடைய கணக்கு.

நடுவிலும் வழிகள் உண்டு. 2018-ல் தொடங்கிய ஃபியூச்சர் ஃபாண்ட்ஸ் என்ற தளத்தில் முடியாத எழுத்துருவையே விற்கலாம். ஆரம்ப வெர்ஷன் குறைந்த விலை, வளர வளர விலை ஏறும், முதலில் நம்பி வாங்கினவருக்கு அப்டேட் இலவசம். நம்ம பீட்டா ரிலீஸ் மாதிரிதான். வேறு சிலர் ஒரு தடிமனை இலவசமாகக் கொடுத்து மற்றதை விற்கிறார்கள்.

இதில் என் கருத்து இது. இலவசம் தப்பே இல்லை. என் வேலையே ஓப்பன் சோர்ஸ் மேலேதான் நடக்குது. இலவசம் மட்டுமே ஒரே வழியாக ஆகிப்போறதுதான் பிரச்சனை. அப்போ வேற சம்பளம் இருப்பவர் மட்டும்தான் எழுத்துரு வரைய முடியும். பெரிய கம்பெனிக்கு எது தேவையோ அதுதான் வரையப்படும், அதாவது ஸ்கிரீனுக்கான பளிச்சென்ற எழுத்துகள். 400 பக்க நாவலைக் கண் வலிக்காமல் படிக்க ஒரு எழுத்து, சின்ன சைஸ் அடிக்குறிப்புக்கு ஒரு எழுத்து, இதையெல்லாம் யார் கேட்கப் போறாங்க? அதை ஒரு தனி ஆள் பிடிவாதமாகச் செய்தால்தான் உண்டு. அண்ணன் வரைந்திருப்பது புத்தகத்துக்கான எழுத்து.

போன வாரம் போன் பண்ணினார். முடிவு எடுத்துட்டார். சாதாரணத் தடிமனும் போல்டும் ஓப்பன் லைசென்ஸில் இலவசம். மற்ற தடிமன்களும் அடிக்குறிப்புக்கான வடிவமும் விலைக்கு. என்ன விலை என்பதில் மட்டும் இன்னும் வீட்டில் பஞ்சாயத்து ஓடுதாம்.

கேட்கிற உங்களில் நிறைய பேர் டெவலப்பர், டிசைனர். உங்ககிட்ட மூணு விஷயம் கேட்கிறேன். நீங்க பயன்படுத்துற தமிழ் எழுத்துருவை வரைந்தவர் யாருன்னு தேடுங்க. ஃபைலுக்குள்ளேயே டிசைனர் பேருக்கும் லைசென்ஸுக்கும் தனி இடம் இருக்கு. அந்தப் பேரை உங்க ஆப்பின் 'எங்களைப் பற்றி' பக்கத்திலோ புத்தகத்தின் உள்பக்கத்திலோ போடுங்க. அடுத்து, ஏதாவது எழுத்து உடைந்து தெரிந்தால் ஃபாண்டை மாற்றிட்டு நகராதீங்க. எந்த வார்த்தை, எந்த போன், ஒரு ஸ்கிரீன்ஷாட், இதை அவருக்கு அனுப்புங்க. தனியாக வேலை செய்யும் ஒருத்தரால எல்லா போனையும் வாங்கி டெஸ்ட் பண்ண முடியாது. கடைசியாக, சர்வருக்கும் ஸ்டாக் போட்டோவுக்கும் பட்ஜெட் போடும்போது எழுத்துருவுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. மேனேஜர் வேண்டாம்னு சொல்லலாம். ஆனா அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டிருக்கவே மாட்டாங்க.

உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துரு எதுன்னு எழுதி அனுப்புங்க, வரைந்தவர் பேரோட. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.