எலும்புக்குக் காவல் நிற்கும் சிமெண்ட்



விடியுமுன்பே ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று சறுக்கி, ஓட்டியவரின் கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையின் மண்ணும் கிருமிகளும் உள்ளே புகுந்து, சீழ் பிடித்தால் காலையே இழக்க நேரிடலாம்.

மாத்திரையும் ஊசியும் போதாவா என்று கேட்பீர்கள். மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. செத்த எலும்பில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே மருத்துவர் முதலில் அதை வெட்டி அகற்றுகிறார். அங்கே ஒரு பள்ளம் உண்டாகிறது.

அந்தப் பள்ளத்தில் வைப்பதுதான் எலும்புச் சிமெண்ட். இது வீடு கட்டும் சிமெண்ட் அன்று. அக்ரிலிக் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். தூளையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த இதனை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பயன்படுத்தினார். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் புக்ஹோல்ஸும் எங்கெல்பிரெக்டும் இதில் ஜென்டாமைசின் மருந்தைக் கலந்து, 1970இல் அதைப்பற்றி எழுதினார்கள். சூட்டைத் தாங்கும் மருந்து என்பதால் அது கெடுவதில்லை. முதல் நாட்களில் நிறையவும், பிறகு சிறுகச் சிறுகவும் கசிந்து, வேண்டிய இடத்திலேயே கிருமியைக் கொல்கிறது.

ஆனால் சிமெண்ட் ஒருநாளும் எலும்பாக மாறாது. பிரான்சில் மாஸ்கெலே என்ற மருத்துவர் 1980களில் ஒன்றைக் கண்டார். சிமெண்டைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கிறது. அதில் இரத்தக் குழாய்களும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, கிருமி அடங்கியதும், சிமெண்டை எடுத்துவிட்டு, அச்சவ்வுப் பையில் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். அவை மெல்ல உயிருள்ள எலும்பாக ஒன்றிவிடுகின்றன. அது போதாதபோது, கொடையாகப் பெற்ற எலும்பையும் சேர்ப்பதுண்டு. அத்தகைய எலும்பைப் பதப்படுத்திக் காக்க, கிளந்தானில், குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1991இல் திசு வங்கி தொடங்கப்பட்டது.

நேயர்களே, இங்கேதான் நோயாளியின் பொறுப்பு வருகிறது. சீழ் நின்றது, வலி குறைந்தது, இனி வேலைக்குப் போகலாம் என்று இரண்டாம் அறுவைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. காவலாளி வீட்டுக்காரர் ஆகமாட்டார். நாளடைவில் சிமெண்ட் உடையலாம். கசியும் மருந்து குறைந்தபின் கிருமி மீண்டும் தலைதூக்கலாம். எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் புகைப்பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தோல் கிழிந்த முறிவுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டுக் காத்திராதீர்கள். சுத்தமான துணியால் மூடி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் செல்லுங்கள்.