ஏமி சொன்ன பதில்



முதலில் ஒரு கதை. ஓர் ஊரில் ஹைன்ஸ் என்று ஒருவர். அவர் மனைவிக்குப் புற்றுநோய். சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்க ஒரே ஒரு மருந்துதான் உண்டு. அது அதே ஊர் மருந்துக்கடைக்காரரிடம் இருக்கிறது. அவருக்கு ஆன செலவு 200 டாலர். கேட்கும் விலையோ 2000 டாலர். ஹைன்ஸ் தெரிந்தவர்களிடம் எல்லாம் கடன் கேட்டார். 1000 டாலர்தான் சேர்ந்தது. "மீதியைப் பிறகு தருகிறேன் ஐயா" என்று கெஞ்சினார். கடைக்காரர் மறுத்துவிட்டார்.

ஹைன்ஸ் அந்த மருந்தைத் திருடலாமா, கூடாதா?

இது நடந்த கதை அல்ல. அமெரிக்காவில் லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியல் அறிஞர் கேள்வி கேட்பதற்காகச் சொன்ன கதை. உளவியல் என்றால் மனத்தைப் பற்றிய படிப்பு. நியாயம் எது, அநியாயம் எது என்று பார்க்கும் அறிவு மனிதருக்கு எப்படி வளர்கிறது? இதைத்தான் அவர் ஆராய்ந்தார். சொன்ன பதிலைப் பார்த்து, ஆளை ஆறு படிகளில் ஒரு படியில் நிறுத்தினார். 1958-இல் அவர் முதலில் ஆராய்ந்தவர்கள் எல்லாரும் பையன்கள். ஒரு பெண்பிள்ளைகூட இல்லை.

பிறகு அதே படிகளை வைத்துப் பெண்களையும் அளந்தார்கள். பலர் மூன்றாம் படியில் நின்றார்கள். உறவு கெடாமல் பார்ப்பது, பிறர் மனம் கோணாமல் நடப்பது, இதுதான் மூன்றாம் படி. பெண்களின் நியாய அறிவு வளர்ச்சி போதாது என்று ஆகிவிட்டது.

கோல்பெர்க்கோடு சேர்ந்து வேலை செய்தவர் கரோல் கில்லிகன் என்ற அம்மையார். 1982-இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஜேக் என்ற பையன், ஏமி என்ற பெண். இருவருக்கும் வயது 11.

ஜேக் சட்டென்று சொன்னான்: "திருடலாம். பணத்தைவிட உயிர் பெரிது." கணக்குப் போட்டதுபோல் விடை வந்துவிட்டது.

ஏமி யோசித்தாள். திருடக் கூடாது, மனைவி சாகவும் கூடாது என்றாள். திருடினால் ஹைன்ஸ் சிறைக்குப் போகலாம். மனைவிக்கு மறுபடியும் நோய் வந்தால் மருந்துக்கு யார் அலைவது? உட்கார்ந்து பேசட்டும், கடன் வாங்கட்டும், வேறு வழி தேடட்டும் என்றாள்.

ஏமிக்கு ஜேக்கைவிட ஒரு படி குறைவு! கேள்வி கேட்டவருக்கு அவள் பதில் பிடிபடவில்லை. அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். கேட்கக் கேட்க ஏமியின் தைரியம் குறைந்தது. எனக்கு மனசு சுருக்கென்றது இந்த இடத்தில்தான். பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்கிற காதுதான் இல்லை.

ஜேக் சொன்னதும் தப்பில்லை. திருடலாமா என்பதே அவன் கேள்வி. திருடாமல் என்ன செய்யலாம் என்பது ஏமியின் கேள்வி. படிகளைக் கட்டியவர்கள் முதல் கேள்வியை மட்டும் எண்ணினார்கள்.

அப்படியானால் ஆண் மனசு வேறு, பெண் மனசு வேறா? அவசரப்பட வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000-இல் ஒரு கட்டுரை வந்தது. வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது என்றது அது. ஆண்களுக்கும் பரிவு உண்டு. "பரிவு பெண்ணின் குணம்" என்று புகழ்ந்தே நோயாளியையும் குழந்தையையும் பாத்திரத்தையும் அவள் தலையிலேயே கட்டிவிடலாம். அந்தப் புகழ்ச்சி நமக்கு வேண்டாம்.

கில்லிகன் 29 பெண்களிடமும் பேசினார். கருவைக் கலைப்பதா, பிள்ளையைப் பெறுவதா என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தன்னை விட்டுக்கொடுப்பதுதான் நல்ல குணம் என்று சிலர் நம்பினார்கள். அதையும் தாண்டிச் சிலர் வந்தார்கள். எல்லாரையும் பார்க்கிறேனே, அந்த எல்லாரில் நானும் ஒருத்தி இல்லையா என்று அவர்கள் யோசித்தார்கள். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுப் படுக்கிற நம் வீட்டு அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது உங்கள் முறை. ஹைன்ஸ் என்ன செய்யலாம்? பின்வரிசையில் இருக்கிற பாட்டி முதலில் சொல்லட்டும். மாற்றி மாற்றிக் கேட்டு மடக்க மாட்டேன்.