ஜோடியும் அவன் மான்கன்றும்



பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் கதைகளில் விலங்குகள் பெரும்பாலும் பேசுகின்றன. நரி சூழ்ச்சி செய்கிறது; காகம் ஏமாறுகிறது; ஆமை அறிவுரை வழங்குகிறது. அவை உண்மையில் விலங்குகள் அல்ல. தோல் போர்த்திய மனிதர்களே. இன்று எடுத்துக்கொள்ளப்படும் நாவலில் ஒரு மான்கன்று வருகிறது. அது ஒரு சொல்லும் பேசுவதில்லை. பசித்தால் உண்கிறது, களித்தால் துள்ளுகிறது, வேலி குறுக்கிட்டால் தாண்டுகிறது. அம்மூன்றினாலேயே ஒரு குடும்பத்தின் வாழ்வு நிலைகுலைகிறது.

நாவலின் பெயர் 'தி இயர்லிங்'. ஓராண்டு நிரம்பிய கன்று என்பது பொருள். எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் மார்ஜோரி கின்னன் ராலிங்ஸ் அம்மையார். 1896-இல் வாஷிங்டன் நகரில் பிறந்த அவர், 1928-இல் புளோரிடா மாநிலத்தின் கிராஸ் க்ரீக் என்னும் சிற்றூரில் ஓர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கிக் குடியேறினார். அருகில் இருந்த பெரும் புதர்க்காட்டு மக்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அவ்வாழ்வை அறிந்துகொண்டார். அக்காட்டைக் களமாக வைத்து ஒரு சிறுவனைப் பற்றி எழுதுமாறு தூண்டியவர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் என்னும் புகழ்பெற்ற பதிப்பாசிரியர். 1938-இல் நூல் வெளிவந்தது; அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நாவல் அதுவே. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. முதலில் பெரியவர்களே விரும்பிப் படித்த அந்நூலைப் பின்னர்ச் சிறுவர்கள் தமதாக்கிக்கொண்டனர்.

கதை நிகழும் காலம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. புதர்க்காட்டின் நடுவே, நெடிய பைன் மரங்கள் நிற்கும் சற்றே வளமான திட்டு ஒன்றில் பாக்ஸ்டர் குடும்பம் வாழ்கிறது. தந்தை எசேக்கியேல், உருவில் மிகச் சிறியவர் ஆதலால் 'பென்னி', அதாவது சல்லிக்காசு, என்று அழைக்கப்படுபவர். மனிதர்களோடு பழகி நொந்த உள்ளத்தோடு, அமைதி நாடிக் காட்டிற்குள் வந்தவர் அவர். தாய் ஓரா. அவர் பெற்ற குழந்தைகள் பலர். ஒருவர் பின் ஒருவராக மண்ணுக்குப் போயினர். எஞ்சியவன் ஜோடி ஒருவனே.

அத்தாயைப் பலரும் கடுமையானவர் என்றே கூறிச் செல்கின்றனர். அது முழு நியாயம் ஆகாது. அத்தனை குழந்தைகளைப் புதைத்த ஒருத்தி, எஞ்சிய பிள்ளையிடம் மனத்தை முழுவதும் வைப்பதற்கு அஞ்சுகிறாள். அன்பு இல்லாமையன்று அது. மீண்டும் ஒருமுறை இழக்க வலுவில்லாமை. நூலாசிரியர் இதனை விளக்கிச் சொல்வதில்லை. வீட்டருகே உள்ள சிறு கல்லறைகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆக, ஜோடி தனியன். விளையாட உடன்பிறந்தார் இல்லை, பள்ளி இல்லை, அண்டை வீடு பல கல் தொலைவில். ஓர் ஏப்ரல் நாளில் அவன் வேலையை விட்டுவிட்டு ஊற்றங்கரைக்கு ஓடி, ஓலையும் குச்சியும் கொண்டு ஒரு சிறு நீர்ச்சக்கரம் செய்து, அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டே உறங்கிப்போகிறான். நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. தனக்கே தனக்கென ஓர் உயிர் வேண்டும், தன்னைத் தொடர்ந்து வரும் ஓர் உயிர் வேண்டும் என்பது அவன் ஓயாத வேண்டுகோள். வீட்டில் மிச்ச உணவு இல்லை என்பது தாயின் ஓயாத விடை.

அவனுக்கு இருந்த ஒரே தோழன் அண்டைக் குடும்பத்தின் இளைய மகன், ஃபாடர்-விங். பிறவியிலேயே உடல் வளைந்தவன். வைக்கோலைக் கைகளில் கட்டிக்கொண்டு பறக்கலாம் என்று கூரையினின்று குதித்து மேலும் ஊனமுற்றவன். முரட்டு அண்ணன்மார் நிறைந்த வீட்டில், காட்டுயிர்களை வளர்த்துக்கொண்டு தனக்கென ஓர் உலகில் வாழ்பவன்.

இனி, மான்கன்று வந்த விதம். பென்னியைக் காட்டில் நச்சுப் பாம்பு தீண்டிவிடுகிறது. உயிர் போகும் வேளையில் ஒரு பெண்மான் எதிர்ப்படுகிறது. அதனைச் சுட்டு வீழ்த்தி, அதன் ஈரலைப் பாம்பு கடித்த இடத்தில் வைத்து நஞ்சை இழுக்கச் செய்கிறார். இது அக்காட்டு மக்களின் நம்பிக்கை. மருத்துவம் ஏற்கும் முறை அன்று என்பதை இங்குள்ள சிறார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மான் விழுந்த இடத்தருகே, புள்ளிகள் மாறாத அதன் கன்று தள்ளாடி நிற்பதை ஜோடி பார்த்துவிடுகிறான்.

தந்தை பிழைத்துக்கொள்கிறார். மறுநாள் ஜோடி பேசும் பேச்சுதான் நூலின் நெஞ்சம் எனலாம். கன்று அழகாயிருக்கிறது, ஆகையால் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அதன் தாயை எடுத்துக்கொண்டு நாம் உயிர் பெற்றோம். அதனைக் காட்டில் பட்டினி கிடந்து சாக விடுவது நன்றிகெட்ட செயல் ஆகாதா என்று கேட்கிறான். தந்தைக்கு மறுமொழி கூற இயலவில்லை. தாய் பாலைப் பற்றிக் கேட்கிறாள். தன் பங்குப் பாலைத் தருவதாக அவன் சொல்கிறான். படிப்பறிவில்லாத ஒரு காட்டுச் சிறுவன், செய்ந்நன்றி என்பது மனிதர்க்கு மட்டும் உரிய கடன் அன்று என்பதை எவரும் கற்பிக்காமலே கண்டுகொள்கிறான். தேடிச்சென்று, கன்றைக் கைகளில் ஏந்தி வந்து, விரலைப் பாலில் தோய்த்து ஊட்டிப் பழக்குகிறான்.

பெயர் சூட்ட வேண்டும். அதற்கு ஃபாடர்-விங்கே தக்கவன் என்று கன்றோடு அவன் வீட்டிற்குச் செல்கிறான். தோழன் இறந்து கிடக்கிறான். ஆயினும் பெயர் காத்திருக்கிறது. மானின் வெண்ணிற வால் கொடிபோல் உயர்ந்து நிற்கும். தனக்கு ஒரு மான்கன்று கிடைத்தால் 'ஃபிளாக்' என்று பெயரிடுவேன் என்று அவன் வீட்டாரிடம் முன்னரே சொல்லியிருந்தான். ஒரு தோழன் போகும்போது மற்றொரு தோழனுக்குப் பெயர் தந்துவிட்டுப் போகிறான். இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லாதது பாராட்டிற்குரியது.

கன்று வளர்கிறது. வீட்டிற்குள்ளேயே உறங்குகிறது. ஜோடி போகும் இடமெல்லாம் வருகிறது. இடையில் பெருமழையும் வெள்ளமும் வந்து காட்டைச் சிதைக்கின்றன. கொள்ளைநோயில் மான்கள் மடிகின்றன. குடும்பத்தின் களஞ்சியம் சுருங்குகிறது. மறு வேனில் வரும்போது கன்று ஓராண்டு நிரம்பிய காளைப்பருவ மான். முதலில் புகையிலை நாற்றங்காலை மிதித்து அழிக்கிறது. பிறகு முளைவிட்ட சோளப்பயிரைத் தின்கிறது. அச்சோளமே அக்குடும்பத்திற்கு ஓராண்டு உணவு. குதிரைக்கும் கோழிக்கும் அதுவே தீனி. தந்தையோ மரவேரைப் பிடுங்கப் போய்க் குடல் இறங்கிப் படுக்கையில் கிடக்கிறார். சிறுவன் ஒருவனாகவே மறுபடி விதைக்கிறான், வேலியை உயர்த்துகிறான். அதுவரை பரிவு காட்டாத தாயும் வந்து வேலி கட்ட உதவுகிறாள். மான் தாண்டிவிடுகிறது. மானுக்குத் தாண்டத் தெரியும். சோளம் யாருடையது என்பது தெரியாது.

காட்டிற்குள் கொண்டுபோய்ச் சுட்டுவிடு என்கிறார் தந்தை. கன்றை வளர்க்க இசைந்த அதே தந்தை. ஜோடியால் இயலவில்லை. பயிர் மீண்டும் அழிகிறது. தாய் துப்பாக்கியை எடுக்கிறாள். குறி தவறி, மான் காயமுற்று வதைபடுகிறது. அவ்வதையை முடித்துவைக்கும் பொறுப்பு சிறுவன் தலையில் விழுகிறது.

சீவக சிந்தாமணியைக் கற்ற இல்லங்களுக்கு இவ்விடத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வராமல் இராது. உணவைத் தொட்டதற்காக அடியுண்டு கிடக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னர் அவனுக்கு உற்ற துணையாகிறது. அங்கும் உணவைத் தொட்டதே குற்றம். அங்கும் உயிர் பிரியும் விலங்கின் அருகே ஓர் இளைஞன். சீவகனிடம் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. ஜோடியிடம் துப்பாக்கி ஒன்றே இருந்தது. அச்சிறுவனின் வறுமை சோளத்தில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

இத்தகைய நூலைப் பிள்ளைகளிடம் தரலாமா என்னும் வினா எழுவது இயல்பே. பாக்ஸ்டர் குடும்பம் வேட்டையாடி உண்ணும் குடும்பம். கரடி வேட்டை பல பக்கங்களுக்கு நீள்கிறது. மெய்யாகவே அப்பகுதிகள் சற்று மிகையாக நீள்கின்றன. தேவைக்குமேல் கொல்லாதவர் என்பது பென்னியின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அளந்து கொல்வதும் கொலையே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அவ்வரியில் நின்று வினவும். வினவட்டும். தந்தையின் ஆணை சரியா, வேறு வழி இருந்ததா, மானைத் தொலைதூரத்தில் எவரிடமேனும் ஒப்படைத்திருக்கலாகாதா, அடுத்த வீட்டில் சோளம் கேட்டிருக்கலாகாதா என்றெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். நூலும் அவ்வினாக்களை அடைத்துவிடவில்லை. கொலையை வீரமாக்கும் கதைகளையே நாள்தோறும் திரையில் காணும் பிள்ளைக்கு, ஓர் உயிர் போனதன் பாரத்தை நானூறு பக்கம் சுமக்கவைக்கும் கதை தீங்கு செய்யாது. பன்னிரண்டு வயதிற்குக் குறைந்தவர்க்குத் தரவேண்டாம். தரும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் படிப்பது நன்று. 1946-இல் கிரகரி பெக் தந்தையாக நடித்த திரைப்படமும் உண்டு. படிக்கும் முன் அதனைப் பார்ப்பதைவிடப் படித்த பின் பார்ப்பதே தகும்.

மான் மாண்டதும் ஜோடி தந்தையை வெறுத்துச் சபித்துவிட்டு ஓடிப்போகிறான். பழைய ஓடம் ஒன்றில் ஆற்றில் மிதக்கிறான். உண்ண ஏதுமின்றி மயங்கிக் கிடந்தவனை அஞ்சல் படகு ஒன்று மீட்டுக் கரையில் விடுகிறது. அப்போதுதான் அவன் பசியை அறிகிறான். அதுவரை பசி என்பது தாய் சொல்லும் ஒரு சொல். இப்போது அது வயிற்றில் இருக்கிறது. தாய் ஏன் அத்தனை கடுமையாகச் சோளத்தைக் காத்தாள் என்பது எவரும் எடுத்துரைக்காமல் விளங்கிவிடுகிறது.

வீடு திரும்பும் வழியில் பழைய ஊற்றங்கரையில் நின்று, ஓலையால் மீண்டும் ஒரு நீர்ச்சக்கரம் செய்து பார்க்கிறான். சக்கரம் சுழல்கிறது. முன்னைய மயக்கம் வரவில்லை. எழுந்து நடக்கிறான்.

வீட்டில் தாய் இல்லை. விதைச் சோளம் பெற்று வரப் போயிருக்கிறாள். நோயுற்ற தந்தை மட்டும் அடுப்பருகே அமர்ந்திருக்கிறார். மகனைக் கண்டதும் அவர் சினந்து பேசவில்லை. எங்கே போனாய், என்ன உண்டாய் என்று கேட்டறிகிறார். பிறகு, தன் மகனை இனிப் பெரியவனாக மதித்து, வாழ்க்கை மனிதனை எப்படியெல்லாம் கீழே தள்ளும் என்பதைத் தன் குரலில் எடுத்துரைக்கிறார். மறுநாள் செய்யவேண்டிய உழவு வேலைகளை ஜோடி தானே மனத்தில் வரிசைப்படுத்துகிறான். அன்றிரவு படுத்தபின், அறையின் மூலையில் கன்று புரண்டு படுக்கும் ஓசைக்காக அவன் செவி தானாகவே காத்திருக்கிறது.