நீர் தேடினர், நெருப்பு கிடைத்தது!

(சிவகாசியில் ஆற்றிய சொற்பொழிவின் ஒரு பகுதி)

கழுவிக் கழுவியும் மருந்துக் கறை போகாத கரங்களுடன் வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

வானம் பொய்த்த பூமி இது. உழுது பிழைக்க வழியில்லாத ஊர் 1923-இல் தீக்குச்சியைக் கையில் எடுத்தது. உங்களிடம் நெய்வேலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெய்வேலிக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்பீர்! அவர்களும் நெருப்பை நம்பி வாழ்பவர்கள். அதனால் வெந்தவர்களும் கூட!

செம்மண் நிலம். முந்திரித் தோப்பு ஒருபுறம், வேர் முதல் கிளைவரை காய்த்துத் தொங்கும் பலா மறுபுறம். அங்கே 1935-ஆம் ஆண்டளவில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டினார்கள். நீர் தேடினர், கரிய மண் வந்தது. மண்ணன்று அது, பழுப்பு நிலக்கரி! பாதி எடை ஈரம். தொலைவுக்குக் கொண்டு செல்லக் கட்டுபடியாகாது. குவித்து வைத்தால் தானே புகையும். ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையம் கட்ட வேண்டியதாயிற்று.

பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த நாளில், 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். செர்மானியர் எந்திரம் தந்தனர். சோவியத்து நாடு மின்நிலையம் அமைக்கத் துணை நின்றது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. நம் மாநிலம் பெருமைப்பட்டதிலே பிழை இல்லை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான்; நிலநூல் கற்றவனல்லன். ஆயினும் ஒன்று கேட்டு வியந்தேன். நிலக்கரிப் படுகைக்கு அடியிலே ஊற்று நீர், மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது! இராப்பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் பொங்கும். இறைக்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் இறைக்கிறார்கள். அந்நீரில் ஒரு பங்கு வாய்க்காலுக்கும் குடிநீருக்கும் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்க்காரன் தன் கிணற்றை எட்டிப் பார்த்து, நீர் எங்கே என்கிறானே, அவனுக்கு யார் விடை சொல்வது?

வட சீனத்திலே தாதோங் என்றொரு நிலக்கரி நகரம். அதன் அருகே யுன்காங் குகைகளில், 5-ஆம் நூற்றாண்டிலே செதுக்கிய புத்தர் சிலைகள். கரி ஏற்றிய லாரிகள் அவ்வழியே ஓடி ஓடிப் புத்தரின் முகம் கறுத்தது. 1990-களின் இறுதியில் என்ன செய்தார்கள்? சாலையை வேறு வழியே திருப்பினார்கள்!

கல்லுக்காகச் சாலை விலகிற்று, தோழர்களே! நம் நாட்டில் நெல்லுக்காக ஒரு வாய்க்கால் காத்திருந்ததா? 2023 சூலை 26-இல், வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகப் பச்சைப் பயிருக்குள்ளே மண்வெட்டும் எந்திரம் இறங்கியது. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். இருக்கட்டும். பட்டா எவர் பெயரில் இருந்தால் என்ன, பயிர் பயிர்தானே! அறுக்கும்வரை பொறுக்கலாகாதா? உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. நாடகம் எழுதுபவன் நான். பச்சை நெல்லின் மேல் இரும்புச் சக்கரம் ஏறும் காட்சியை நானாகக் கற்பித்திருந்தால், மிகைப்படுத்துகிறாய் என்று நீங்களே கடிந்திருப்பீர்கள்.

2020-இல், மே மாதம் ஒரு முறை, சூலை மாதம் ஒரு முறை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. மாண்டோரிலே ஒப்பந்தத் தொழிலாளர் பலர். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் கரிந்த உடல்களைத் தேடி அலைந்த உங்களுக்கு, அந்தத் தாய்மாரின் கதறலை நான் விளக்க வேண்டுமா?

சுரங்கத்தை மூடு என்று சொல்ல நான் வரவில்லை. விளக்கு வேண்டும், விசிறி வேண்டும், உங்கள் அச்சகத்து எந்திரமும் சுழல வேண்டும். கேட்பது இதுதான்: நிலம் கொடுத்தவன் மகன் அதே நிலத்தில் ஒப்பந்தக் கூலியாக நிற்பது ஏன்? அவனுக்கு நிரந்தர வேலை எப்போது? கரி எடுத்து முடித்த குழியை மண்ணிட்டு நிரப்பி, மரமும் நடுகிறார்கள், நன்று. அந்த நிலம் மீண்டும் உழத் தக்கதாகும் நாளில், அதன் பட்டா எவர் பெயரில் எழுதப்படும்?