அப்பா பெயர் இருந்த பட்டியல்



கடன் வசூல் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டாங்க. நான் ஓட்டுப் பட்டியல் பற்றிப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

2025 நவம்பர் 4-ம் தேதி தொடங்கி, சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதில் 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று ஒரு கேள்வி. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு நிமிஷ வேலை. பிறந்த தெருவிலேயே இருக்கிறவர். நான் 2001-ல் வத்தலக்குண்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பழைய பட்டியலில் பிறந்த ஊரிலும் நான் இல்லை, இங்கேயும் இல்லை. கட்டிக்கொடுத்தாச்சு என்று அங்கே அடித்திருப்பார்கள். இங்கே சேர்க்க யாருக்கும் தோணலை, எனக்குந்தான்.

மூணு ராத்திரி தூக்கமில்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். குழு பாஸ்புக்கை நம்பி வங்கி லட்சக்கணக்கில் கடன் தருது. ஆணையம் சொன்ன ஆவணங்களில் அது இல்லை. ரேஷன் கார்டும் இல்லை. ஆதார்கூட ஆள் யாரென்று காட்டத்தான், குடியுரிமைக்குச் சான்று ஆகாது. பத்தாம் வகுப்புச் சான்று, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, அரசு கொடுத்த வீட்டுமனை ஒதுக்கீடு, இப்படித்தான் கேட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள்.

படிவம் கொடுக்க வந்த டீச்சர்தான், "அப்பா அம்மா பேரு இருந்தாலும் போதும்க்கா" என்றது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற தம்பி செல்போனில் தேடினான். அப்பா பெயர் இருந்தது. அவர் இறந்து பதினாலு வருஷம். செத்த மனுசன் மகளுக்குச் சாட்சி சொல்ல வந்துட்டாரேன்னு அழுதுட்டேன்.

டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயருக்கு மேல் இல்லை. அதில் 66 லட்சத்துக்கு மேல், இடம் மாறினவங்க, முகவரியில் இல்லாதவங்க. கல்யாணமாகிப் போன பொண்ணுங்க அதில் எத்தனை பேரோ!

1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், பெரும்பாலும் வடக்கே, 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் பெண்சாதி, இன்னார் அம்மா என்றே எழுத வைத்ததால். நம்மிலும் பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், இனிஷியல் ஒரு இடத்தில் அப்பாவுக்கு, ஒரு இடத்தில் புருஷனுக்கு என்று இருக்கிறவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும்.

பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. வீடு மாறிய மருமகள்களுக்குப் படிவம் 8. இந்தத் திருத்தத்தின் விதிப்படி, 2004 டிசம்பர் 2-க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு ஆவணம் கேட்டால் அப்பா சான்று மட்டும் போதாது, அம்மா சான்றும் வேண்டும். நம்ம காகிதம் சரியில்லை என்றால் நம்ம மகளும் நிற்பாள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு சேமிப்புப் பணத்தோடு பெட்டியில் இருக்கிற காகிதத்தையும் எடுத்துட்டு வாங்க. தாய்வீட்டு ஊர், வார்டு, அப்பா அம்மா பெயர் எல்லாத்தையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். எழுதத் தெரியாதவங்களுக்கு நான் எழுதித் தர்றேன்.